தூத்துக்குடியில் ஒரு முழுப் பகல்: ஊரார் மட்டும் அறிந்த பேக்கரிகளைத் தேடுவது எப்படி?

கரிசல்வழி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கார்த்திகைக் கடைசியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குச் செல்கிறேன். முத்துநகர் விரைவு வண்டியில் காலையில் இறங்கினால், மறுநாள் முகூர்த்தம் வரை ஒரு முழுப் பகல் எங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பகலை மக்ரூனுக்கும், அந்த ஊரின் மற்றத் தின்பண்டங்களுக்கும் ஒதுக்க விரும்புகிறோம்.

தனலட்சுமி, கணேஷ், ஞானம் ஆகிய பேக்கரிகளின் பெயர்கள் எனக்கும் தெரியும். அவற்றில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடினாலும் அதே மூன்று, நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு துறைமுக நகரத்தில், இத்தனை தெருக்களில், வேறு அடுப்புகளே எரியவில்லை என்று நம்ப மனம் வரவில்லை. அம்மா சிறுமியாக இருந்தபோது, உப்பளத்தில் கணக்கெழுதிய அவருடைய மாமா ஓலைப்பெட்டியில் மக்ரூன் கொண்டுவருவாராம். அது ஒரு வீட்டின் பின்கட்டில் சுட்டது என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு எதுவும் நினைவில்லை.

சென்ற முறை நேரமில்லாமல் வழியில் ஒரு கடையில் வாங்கிய மக்ரூன், நாவில் கரைவதற்குப் பதிலாகச் சீனிப்பாகு இறுகியதுபோல் பல்லில் ஒட்டிக்கொண்டது. முந்திரியின் வாசனையே அதில் இல்லை. இம்முறை அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன். கடைப் பெயர்களின் பட்டியலைவிட, ஊருக்குப் புதியவர் நல்ல அடுப்பை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மட்டக்கடைவாசி எழுதியது:

வணக்கம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நல்ல பேக்கரி எது?" அந்தக் கேள்விக்கு ஆட்டோ ஓட்டுநரும் விடுதிக்காரரும் பெரிய பெயர்ப்பலகை உள்ள கடையைத்தான் காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. புதியவரைத் தெரியாத சந்துக்குள் அனுப்பிவிட்டு, பிறகு அந்தப் பழியைச் சுமக்க யாருக்கும் விருப்பமில்லை.

ஊர்க்காரர்கள் எங்களுக்குள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வோர் இடம் என்பதுதான் எங்கள் கணக்கு. மக்ரூனுக்கு ஒரு கடை, நெய் பிஸ்கட்டுக்கு வேறொரு கடை, மாலையில் சூடாக வரும் தேங்காய் பன்னுக்கு இன்னொரு கடை என்று எங்கள் வீட்டிலேயே மூன்று பைகளோடு மூன்று பேர் புறப்பட்ட நாட்கள் உண்டு. ஆகவே கேட்கும்போது பண்டத்தின் பெயரையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். "அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல பன்னு எப்போ இறக்குவாங்க, எந்த அடுப்புல?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். அந்தக் கேள்விக்கு விளம்பரம் தெரிந்தவரால் பதில் சொல்ல முடியாது. தின்று பழகியவர்தான் சொல்ல முடியும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு என் விடை: சின்ன டீக்கடை. கண்ணாடிச் சாடியில் பன்னும் ரஸ்க்கும் அடுக்கியிருக்கும் கடைக்குப் போய், ஒரு டீ வாங்கி, அந்தப் பன்னைத் தின்று பாருங்கள். நன்றாக இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். டீக்கடைக்காரர் நாள்தோறும் காசு கொடுத்து வாங்குகிறவர். ஒரு நாள் பன் புளித்துப்போனாலும் அவருடைய வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் பல ஆண்டுகளாக ஒரே அடுப்பிலிருந்து வாங்குகிறார் என்றால், அந்த அடுப்பை நம்பலாம். அந்த அடுப்புக்காரருக்குச் சாலையோரத்தில் கடையே இல்லாமலும் இருக்கலாம். பின்வாசலில் மிதிவண்டிகள் நிற்பதையும், விறகு அடுக்கியிருப்பதையும் பார்த்துத்தான் இடத்தை அறிந்துகொள்ள முடியும்.

கிரேட் காட்டன் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பனிமய மாதா பேராலயத்துக்குப் பின்னாலிருந்து திரேஸ்புரம் நோக்கிப் போகும் வழியிலும் காலை 5 மணி முதல் 7 மணிக்குள் நடந்து பாருங்கள். கடற்காற்று வீசாத அதிகாலையில் அடுப்பு இருக்கும் தெருவை மூக்கே காட்டிக்கொடுக்கும்.

பயணக்குறிப்பு எழுதியது:

மட்டக்கடைவாசி ஐயாவின் விளக்கம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பகல் வைத்திருக்கும், உடன் வயதான தாயாரையும் அழைத்து வரும் ஒருவரிடம் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கச் சொல்வது எவ்வளவு நடைமுறைக்கு ஏற்றது? நல்ல அடுப்புகள் உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். இரண்டு பெயர்களை வெளிப்படையாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சின்னக் கடைகளுக்கும் நாலு பேர் கூடுதலாக வருவார்கள்; அவர்களும் பிழைப்பார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனெனில் நான் விரும்பிய பல சின்னக் கடைகள் ஆள் வராமலேயே மூடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்கடைவாசி எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானது. என் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அடுப்பில் கணவன், மனைவி, ஓர் உதவியாள் என மூன்று பேர்தான் வேலை. ஒரு நாளைக்கு அவர்கள் போடும் மக்ரூன் சில தட்டுகள்தான். யாரோ ஒருவர் அதைப் படம்பிடித்து வெளியிட்ட பிறகு, இரண்டு வாரங்கள் வெளியூர்க் கார்கள் அந்தச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. தெருவில் வழக்கமாக வாங்குகிறவர்களுக்குப் பண்டம் கிடைக்கவில்லை. அடுப்பில் இருக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே தட்டுகளை வெளியே எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்று. பிறகு வந்தவர்கள் "ஈரமாக இருக்கிறது" என்று எழுதினார்கள். கூட்டம் கலைந்ததும் கெட்ட பெயர் மட்டும் மிஞ்சியது.

அதனால்தான் பெயரைவிட வழியைச் சொல்கிறேன். வழி கேட்டுத் தேடி வருகிற ஒருவர் கால் கிலோ வாங்குவார், இரண்டு வார்த்தை பேசுவார், இல்லை என்றால் மறுநாள் வருவார். அப்படிப்பட்டவரால் எந்த அடுப்பும் கெட்டதில்லை.

அடுப்பங்கரை எழுதியது:

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பேக்கரி அடுப்பில் நின்றவன். இப்போது மகன் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். இந்த இழையில் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், அதன் காரணத்தை விளக்க விரும்புகிறேன். காரணம் தெரிந்தால் நீங்களே தேடிக்கொள்ளலாம்.

பழைய பேக்கரி அடுப்பு என்பது செங்கல்லால் கட்டிய குகை. அதற்குள்ளேயே விறகைப் போட்டு மணிக்கணக்காக எரிப்போம். செங்கல் சூட்டைக் குடித்து முடித்ததும், தணலை இழுத்து ஒதுக்கிவிட்டு, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்துச் சரக்கை உள்ளே தள்ளுவோம். அதன் பிறகு அடுப்பில் தீ கிடையாது. செங்கல் விடுகிற சூடுதான் வேலை செய்கிறது. அந்தச் சூடு நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே போகும். ஆகவே சூட்டின் இறக்கத்துக்கு ஏற்றபடி பண்டங்களை வரிசைப்படுத்துவது அடுப்புக்காரனின் முதல் பாடம். அதிகச் சூடு வேண்டிய ரொட்டி முதலில் போகும். பன் அதற்குப் பின். பிஸ்கட் அதற்கும் பின். அறுத்து உலர்த்தும் ரஸ்க்கும், மக்ரூனும் கடைசியில்.

மக்ரூன் உண்மையில் வேகிற பண்டம் என்பதைவிட உலர்கிற பண்டம் என்பதே பொருந்தும். முட்டையின் வெண்கருவை மட்டும் பிரித்து, நுரைத்து முகடு நிற்கும் வரை அடித்து, சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பொடித்த முந்திரியை நுரை இறங்காமல் கலந்து, கூம்பு கூம்பாகத் தாளில் பிழிந்து வைக்கிறோம். மாவு கிடையாது, நெய் கிடையாது. மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. இந்தக் கூம்பைச் சூடான அடுப்பில் வைத்தால் மேல் சிவந்து உள்ளே பிசுபிசுக்கும். சூடு தணிந்த அடுப்பில் இரவு முழுவதும் கிடந்தால்தான் உள்நடு வரை உலர்ந்து, வெண்மை மாறாமல், நாவில் பட்டதும் உதிரும்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பயன் என்னவென்றால், மக்ரூனை காலையில் கேளுங்கள்; இரவு அடுப்பில் கிடந்தது அப்போதுதான் வெளியே வரும். ரொட்டியையும் பன்னையும், அடுப்பு எப்போது மூட்டப்படுகிறதோ அதற்குச் சில மணி நேரம் கழித்துக் கேளுங்கள். பல இடங்களில் அது மாலையாக இருக்கும். மின்அடுப்பும் டீசல் அடுப்பும் வைத்திருக்கும் கடைகளில் இந்த வரிசை தேவையில்லை. எந்த நேரத்திலும் எதையும் சுடலாம். அவற்றிலும் நல்ல மக்ரூன் செய்ய முடியும், குறைந்த சூட்டில் பொறுமையாக விட்டால். அவசரப்பட்டவர்களிடம் விறகு அடுப்பும் நல்ல பண்டம் தராது. எனவே விறகு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்னொன்று. வெண்கருவை எடுத்த பிறகு மஞ்சள் கரு அத்தனையும் மிஞ்சும். அதை வீணாக்காமல் பிஸ்கட்டிலும் கேக்கிலும் சேர்க்கிற கடையில், மக்ரூன் அன்றாடம் நடக்கிற வேலை என்று பொருள். கண்ணாடிப் பெட்டியில் மக்ரூனுக்குப் பக்கத்தில் நல்ல மஞ்சள் நிறத்தில் முட்டை வாசனையுள்ள பிஸ்கட் இருந்தால், நான் அந்தக் கடையில் நின்று விசாரிப்பேன்.

நீங்கள் வரும் காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கார்த்திகை எங்களுக்கு மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் மக்ரூன் அடுப்பைவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். நல்ல கடைக்காரர் அந்த நாட்களில் குறைவாகப் போடுவார், அல்லது "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிறவர் கிடைத்தால் அவருடைய கடையை மறக்காதீர்கள்.

நல்லூர் வாசகி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அடுப்பங்கரை ஐயா விவரித்த அந்தச் செங்கல் குகையை நாங்கள் போறணை என்று அழைப்போம். அடுப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது அது. ரொட்டியைப் பாண் என்போம். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே ஆண்டில் இழந்தார்கள் என்பதை நினைத்தால், இரு கரைகளின் அடுப்புகளும் ஒன்றுக்கொன்று உறவு என்றே எனக்குத் தோன்றும். முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஐரோப்பாவில் பாதாம் சேர்த்துச் செய்யும் பண்டம் முந்திரிக்கு மாறியது இந்தக் கரையின் கைவண்ணம்.

நான் எழுத வந்தது வேறொரு விடயம். எங்கள் பக்கத்தில் மஸ்கட் என்றொரு இனிப்பு உண்டு. அதே குடும்பத்து இனிப்பு தூத்துக்குடி மாவட்டத்தில் மஸ்கோத் அல்வா என்ற பெயரில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு திருச்செந்தூருக்கு வந்தபோது தேடி வாங்கினேன். 1914இல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை இலங்கைக்கான கப்பல் பயணம் பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்து நடந்தது. அந்தப் போக்குவரத்தில் ஆட்கள் மட்டுமா வந்து போயிருப்பார்கள்? அந்த அல்வாவைப் பற்றி அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தேரிக்காடு எழுதியது:

நல்லூர் அக்கா கேட்ட அல்வாவின் ஊர் எனக்குப் பக்கத்து ஊர் என்பதால் எழுதுகிறேன். அந்த அல்வாவின் ஊர் முதலூர், சாத்தான்குளத்துக்கு அருகே இருக்கிறது. 1799இல் நெல்லைச் சீமையின் கிறித்தவர்கள் முதன்முதலாக நிலம் வாங்கிக் குடியேறிய இடம் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு அந்தப் பெயரை வெளியூரார் அறிந்திருப்பதற்குக் காரணம் மஸ்கோத் அல்வா. மைதாவைப் பிசைந்து, நீரில் கரைத்துப் பாலெடுத்து, அதைத் தேங்காய்ப்பாலிலும் சீனியிலும் மணிக்கணக்காகக் கிண்டுகிறார்கள். நெய் ஊற்றுவதில்லை, தேங்காய்ப்பால் வற்றும்போது பிரிகிற எண்ணெயே அதற்குப் போதும். திருநெல்வேலி அல்வாவைத் தின்று பழகியவர்கள் முதல் துண்டில் சிறிது திகைப்பார்கள், ஏனெனில் இது வழுவழுப்பாக, அழுத்தினால் மீண்டு எழும்பும் தன்மையோடு, தேங்காய் வாசனையோடு இருக்கும். எனக்கு இதுதான் மேல்.

முதலூருக்கே போக நேரமில்லாவிட்டால் மாவட்டத்தின் மற்ற ஊர்களிலும் கிடைக்கிறது. ஆனால் செய்யும் இடத்தில் வாங்குவதற்கும், நாட்பட்ட பொட்டலத்தை வாங்குவதற்கும் தேங்காய் வாசனையில் வேறுபாடு தெரியும். எங்கே செய்தது, என்றைக்குச் செய்தது என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உடன்குடிக் கருப்பட்டியையும் விட்டுவிடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு எல்லாக் கடைகளிலும் உடன்குடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்த்திகை பதநீர்க் காலம் அல்ல. பதநீர் கோடையை ஒட்டிய மாதங்களில் இறங்குவது. ஆகவே நீங்கள் வரும்போது கிடைப்பது சேமித்து வைத்த கருப்பட்டிதான். அதில் குறையில்லை, முறையாகப் பரணில் வைத்த கருப்பட்டி பல மாதங்கள் கெடாது. "போன வாரம் காய்ச்சியது" என்று அந்த மாதத்தில் யாராவது சொன்னால் மட்டும் சற்றே யோசியுங்கள். சிரட்டையில் ஊற்றிய வடிவம், உடைத்தால் உட்புறம் மங்கலாக இருப்பது, இனிப்போடு மெல்லிய கரிப்பு தட்டுவது ஆகியவற்றைப் பாருங்கள். சீனி கலந்தது உடைந்த இடத்தில் பளபளக்கும்.

காயல்பட்டினம் வழியாகத்தான் திருச்செந்தூர்ச் சாலை போகிறது. அங்கே ரவையும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தம்மடை என்ற பண்டம் வீட்டுச் சமையலைச் சேர்ந்தது. தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சரக்குச்சீட்டு எழுதியது:

உணவுப் பொருள்களின் தரம் தொடர்பான பணியில் இருப்பவள் என்பதால், பொட்டலத்தைப் படிக்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலானோர் கடைப் பெயரைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அடைத்து விற்கும் உணவுப் பொட்டலத்தில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்த அல்லது அடைத்த நாளும் இருக்க வேண்டும். வழியில் ஒரு கடையில் நல்ல பிஸ்கட் கிடைத்தால், அந்த உறையைக் கசக்கி எறியாமல் முகவரியைப் படியுங்கள். நீங்கள் தேடுகிற பெயர்ப்பலகை இல்லாத அடுப்பு அந்தச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. நான் இப்படித்தான் ஒரு பட்டர் பிஸ்கட் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சந்தைக் கண்டுபிடித்தேன். உறையில் இருந்த கதவு எண்ணுக்குப் போனபோது அது ஒரு வீடு. வாசலில் தாத்தா ஒருவர் பிஸ்கட் எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

மக்ரூனுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளியும், முட்டை உட்பட அசைவப் பொருள் சேர்ந்த உணவுக்குப் பழுப்பு நிறக் குறியும் இடுவது நம் நாட்டு விதி. பழுப்பு வட்டமாக இருந்த குறி இப்போது முக்கோணமாக மாறியிருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் முட்டையின் வெண்கருவால் ஆனது. ஆகவே மக்ரூன் என்று எழுதி, பச்சைப் புள்ளி இட்ட பொட்டலம் இருந்தால், அது வேறு ஏதோ ஒரு பண்டம். கரிசல்வழி அவர்கள் பல்லில் ஒட்டியதாகச் சொன்னது எந்த வகையோ, அடுத்த முறை குறியைப் பார்த்துவிடுங்கள். முட்டை சாப்பிடாத உறவினர்களுக்கு வாங்கிக் கொடுக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். மக்ரூன் சைவம் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் பின்னர் மனக்கசப்பானதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பயணக்குறிப்பு எழுதியது:

என் முந்தைய கேள்விக்கு மட்டக்கடைவாசி ஐயா தந்த விளக்கத்தை இரண்டு நாட்களாக யோசித்தேன். மூன்று பேர் வேலை செய்யும் அடுப்புக்குத் திடீர்க் கூட்டம் நன்மையல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் மூடப்படும் கடைகளைப் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. பெயரை வெளியிடாவிட்டாலும், நேரில் கேட்டு வருகிறவருக்காவது ஊர்க்காரர்கள் தயங்காமல் வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மட்டக்கடைவாசி எழுதியது:

அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கரிசல்வழி அவர்களுக்குத் தனிமடலில் ஒரு டீக்கடையின் அடையாளத்தை அனுப்பியிருக்கிறேன். அதற்கு மேல் அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். இரவு உணவுக்கு யாராவது "நைட் கிளப்" என்று வழிசொன்னால் அஞ்ச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அது பரோட்டாக் கடையின் பெயர்.

கரிசல்வழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போய்த் திரும்பி நான்கு நாட்கள் ஆகின்றன. நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

வண்டி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, வானம் மூடியிருந்தது. உறவினர் வீட்டில் பையை வைத்துவிட்டு, மட்டக்கடைவாசி ஐயா அடையாளம் சொன்ன டீக்கடைக்குப் போனோம். அம்மா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே "இது எந்த அடுப்புல வருது தம்பி?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டாவது சந்தில் விறகு அடுக்கிய பச்சைக் கதவு என்று காட்டினார். பண்டத்தைச் சொல்லிக் கேட்டால் முகம் மாறும் என்று நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது.

பச்சைக் கதவுக்குள் ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் இருந்தார்கள். மக்ரூன் கேட்டோம். "மூணு நாளா மழை. போட்டா ஒட்டிக்கிடும், போடல. பிஸ்கட் வேணா எடுத்துக்கோங்க" என்றார் பெரியவர். அடுப்பங்கரை ஐயா சொன்ன அதே சொல் என்பதால் எனக்கு ஏமாற்றத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது. மஞ்சள் கரு சேர்ந்த பிஸ்கட் அரைக் கிலோ வாங்கினோம். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டபோது அவர் மறுக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்த அம்மா வெகுநேரம் நிமிரவில்லை. மாமா கொண்டுவந்த ஓலைப்பெட்டியைப் பற்றி அவரிடம் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் மட்டும் இப்படி நான்கு வீடுகளில் அடுப்பு இருந்தது என்றார் அவர். அம்மா தேடிய வீடு அவற்றில் ஒன்றா என்பது எங்களுக்குத் தெரியப்போவதில்லை; அம்மாவுக்கு அந்தத் தெருவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்தபோது வெயில் அடித்தது. மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு, ஊருக்குப் புறப்படுமுன் மறுபடியும் போனேன். இரவு போட்ட தட்டுகள் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. அரைக் கிலோவுக்கு மேல் கொடுக்க முடியாது, தெருவில் இருவருக்குச் சொல்லிவைத்திருக்கிறது என்றார்கள். எடை குறைந்த பண்டம் என்பதால் அந்த அரைக் கிலோவே ஒரு பெரிய பெட்டியை நிறைத்தது. ஒன்றை அங்கேயே வாயில் போட்டேன். கடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை, முந்திரித் துகள் மட்டும் நாவில் நின்றது. கீழே உடைந்து கிடந்த துண்டுகளைத் தாளில் கூட்டி மருமகள் தனியாக மடித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

முதலூருக்குப் போக இயலவில்லை. உறவினர் ஒருவர் அங்கிருந்து வாங்கி வந்த மஸ்கோத் அல்வாவைத் தந்தார். நல்லூர் வாசகி அக்காவுக்காகச் சொல்கிறேன்: அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரே ஒரு கேள்வி. பெட்டியை எவர்சில்வர் தூக்குக்கு மாற்றுவதற்குள் ஒரு நாள் கடந்துவிட்டது. மேலே இருந்த மக்ரூன்கள் சற்றே பிசுபிசுக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

அடுப்பங்கரை எழுதியது:

உண்டு. குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் இன்னும் அதிகமாகக் கோத்துக்கொள்ளும். வீட்டில் மின்அடுப்பு இருந்தால் 100 பாகைக்கு மேல் போகாமல் சூடாக்கி, பிசுபிசுத்தவற்றை ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், ஆறும்போது இறுகிவிடும். முழுக்க ஆறிய பிறகே தூக்கில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து மறுபடியும் நனையும். மின்அடுப்பு இல்லையென்றால், கனத்த இரும்புச் சட்டியைச் சுட வைத்து, தீயை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு தாங்கியின் மேல் தட்டை வைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். அதுவும் ஆறுகிற அடுப்புதான்.

தாளில் மடித்துக் கொடுத்த உடைசலை அம்மாவுக்கு இளஞ்சூடான பாலில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். அடுப்பு வேலை முடிந்து விடியற்காலையில் நாங்கள் அப்படித்தான் குடிப்போம்.